ஜூராட்டில் எழுவாய் இல்லை

போன மாதம் நான் வேலை பார்த்த கோர்ட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த இரண்டாவது ஆள் அவள்.

"மேடம், இப்ப எல்லாம் இணையத்துலதானே தாக்கல் பண்ணுதாங்க. அதுல 'ஜூராட் சரிபார்க்கப்பட்டதா'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நாங்களும் டிக் அடிச்சிட்டுப் போயிருதோம். ஜூராட்டுன்னா என்னன்னு இங்கன யாருக்கும் தெரியல. அகராதியில பாத்தா ரெண்டு அர்த்தம் போட்டிருக்கு. ஒண்ணு ஏதோ பழைய காலத்து அதிகாரியாம், இன்னொண்ணு எழுத்தாம். நம்மளது எது மேடம்?"

எழுத்துதான் என்றேன். பிரமாண வாக்குமூலத்தின் அடியில், இன்ன நாளில், இன்ன ஊரில், என் முன்னிலையில் சத்தியம் செய்யப்பட்டது என்று மூன்று நான்கு வரி இருக்குமே, அதற்குப் பெயர் ஜூராட்.

"அம்புட்டுத்தானா?" என்று ஏமாற்றத்தோடு போனை வைத்துவிட்டாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சரிபார்க்கப்பட்டதா என்று கட்டம் கேட்கிறது. யார் சரிபார்த்தது என்று அது கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் எங்கள் மேசையைத் தாண்டி ஒரு காகிதம் போனதில்லை. எங்களை அப்படிக் கெடுத்து வைத்தவர் ஒருவர். அவரைப் பற்றியும், அந்த நாலு வரியால் ஒரு குடும்பத்துக்குள் நாங்கள் தலையை நீட்டியது பற்றியும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகள், நகல் பிரிவில் விரல் தேய்ந்த இரண்டு வருடங்கள் இவையெல்லாம் எல்லோருக்கும் உள்ளவை. அதன்பின் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்தேன். எனக்குக் கிடைத்த வேலை, வக்கீல்கள் தாக்கல் செய்யும் காகிதங்களைப் பரிசோதித்துப் பார்ப்பது. பக்க எண் இருக்கிறதா, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா, அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் ஓரத்தில் என் சுருக்கொப்பம். வக்கீல் குமாஸ்தாக்கள் என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள். முதல் வாரத்திலேயே அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது என்று சொல்லித் தந்தார் எங்கள் தலைமை எழுத்தர் சவரிமுத்து சார்.

ஒல்லியான, உயரமான மனிதர். பாதிரியாராவதற்காக நாலு வருடம் குருமடத்தில் படித்துவிட்டுப் பாதியில் வெளியே வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "சந்தேகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். எந்தக் காகிதத்தையும் முதலில் கவிழ்த்து வைத்து முதுகைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அதன்பிறகு கீழேயிருந்து மேலாக வாசிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கேள்விதான் கேட்பார், அதுவும் தணிந்த குரலில். பதில் சொல்லச் சொல்ல, நம் பதிலையே நாம் நம்பாத நிலைக்கு வந்துவிடுவோம்.

ஒருமுறை ஒரு வாக்குமூலத்தின் ஜூராட்டில் தேதி காலியாக இருந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சார் என்னைக் கூப்பிட்டார்.

"செண்பகம், இது என்ன சொல்லுது?"

"சத்தியம் செய்யப்பட்டதுன்னு சொல்லுது சார்."

"யாரு செஞ்சா?"

"மனுதாரர்."

"அங்கன அப்படிப் போட்டிருக்கா? நல்லாப் பாரும்மா. செய்யப்பட்டதுன்னுதான் இருக்கு. எழுவாய் எங்க?"

பார்த்தேன். எழுவாய் இல்லை.

சார் ஒரு கழிவுக் காகிதத்தை எடுத்து மூன்று சொற்களை எழுதினார். யூராத்துஸ், யூராத்தா, யூராத்தும். குருமடத்தில் லத்தீனை அப்படித்தான் உச்சரிப்பார்களாம். முதலாவது சத்தியம் செய்தவன். இரண்டாவது சத்தியம் செய்தவள். மூன்றாவது அஃறிணை, சத்தியம் செய்யப்பட்ட விஷயம். மூன்றாவதோடு 'எஸ்த்' என்று ஒரு வினை சேர்ந்தால்தான் 'சத்தியம் செய்யப்பட்டது' என்ற முழு வாக்கியம் ஆகும்.

"இங்கிலீஷ்காரன் என்ன பண்ணிட்டான்? அந்த எஸ்த்தைத் தூக்கிப் போட்டுட்டான். வாலையும் நறுக்கிட்டான். யூராத்துஸுக்கும் அதே கதி. வாலு போனா ஆணா அஃறிணையான்னு எப்படித் தெரியும்? அதான் ஒரே சொல்லு ஆளாவும் நிக்கி, எழுத்தாவும் நிக்கி. பொம்பளை மட்டும் பிரான்சு வழியாப் போயி ஜூரின்னு வேற பேரு வச்சுக்கிட்டா."

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். யூராத்துஸ் என்ற சொல்லின் உருவம் செயப்பாட்டு வினை. பொருளோ செய்வினை. 'சத்தியம் செய்யப்பட்டவன்' என்று இருக்க வேண்டிய சொல், 'சத்தியம் செய்தவன்' என்று பொருள் தருகிறது.

"வேசம் ஒண்ணு, ஆளு ஒண்ணு. இப்படிப்பட்ட சொல்லை எப்படிம்மா நம்புதே?"

அவர் சொன்னதையும் நம்பாமல் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை நான் மேசையில் பையை வைக்கும் முன்பே சார் கேட்டார், "என்ன, சரியா இருந்துச்சா?" நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அந்தப் பழக்கம் என்னையும் பிடித்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கீழேயிருந்து வாசிக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மருந்துச் சீட்டு, பால்காரர் சொல்லும் காரணம், பிள்ளைகளின் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து, எதையும் விட்டதில்லை. அப்படியிருந்தும் மாடத்தியின் காகிதத்தில் நான் கோட்டை விட்டேன்.

புளியங்குடிப் பக்கம் ஓர் எலுமிச்சைத் தோட்டம். அப்பா இறந்தபின் அதற்கு மூன்று வாரிசுகள். மூத்தவளை ராயகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடுவில் தங்கராசு, எலுமிச்சை வியாபாரம். கடைசி மாடத்தி, கல்யாணமாகாமல் தங்கராசு வீட்டிலேயே இருந்தாள். மூத்தவள் பங்கு கேட்டு வழக்குப் போட, இரண்டு வருடம் அண்ணனும் அக்காளும் கோர்ட் வாசலில் முகம் பார்க்காமல் நின்றார்கள். திடீரென்று ஒருநாள் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சமரசமாம். தோட்டத்தை இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்வார்களாம். மாடத்தி தன் பங்கை முழு மனதோடு விட்டுக் கொடுத்துவிட்டதாக அவள் பெயரில் ஒரு பிரமாண வாக்குமூலம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு ஜூராட் நீளமாக இருக்கும். அதிலும் இருந்தது. சங்கரன்கோவிலில், இன்ன தேதியில், மேற்படி சங்கதிகள் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, விளக்கிச் சொல்லப்பட்டு, புரிந்துகொள்ளப்பட்டு, இடது பெருவிரல் ரேகை பதிக்கப்பட்டது. கீழே ஒரு வக்கீலின் கையெழுத்து. அவர் பெயர் இங்கே வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுருக்கொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் சார் அந்தக் காகிதத்தோடு என் மேசைக்கே வந்தார். வழக்கமாக அவர் வருவதில்லை, கூப்பிடுவார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"ரேகையப் பாரு. அதுக்குப் பக்கத்துல 'பதிக்கப்பட்டது'ன்னு இருக்கே, அந்தக் கடைசி எழுத்தையும் பாரு."

அந்த 'து'வின் வளைவு ரேகையின் விளிம்பில் ஏறி நின்றது. ஊதா மையின் மேல் அச்சு எழுத்தின் கறுப்பு பளபளவென்று படிந்திருந்தது.

"எது முதல்ல?" என்றார்.

ரேகைதான் முதலில். வெள்ளைத் தாளில் விரலை வைத்து வாங்கிவிட்டு, பிறகு அதை அச்சு இயந்திரத்துக்குள் விட்டிருக்கிறார்கள். இல்லாத எழுத்தை யார் யாருக்குப் படித்துக் காட்டியிருக்க முடியும்? காகிதத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காது சூடானது. சார் திட்டவில்லை. "நோட் போட்டு ஐயாகிட்ட அனுப்பு" என்று மட்டும் சொன்னார். வாக்குமூலம் கொடுத்தவர் நேரில் ஆஜராக வேண்டும் என்று முன்சீப் உத்தரவிட்டார்.

மாடத்தி வந்த அன்று பெஞ்ச் எழுத்தர் விடுப்பு. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கோர்ட் சேவகரான டவாலி வாசலில் நின்று மூன்று தரம் அவள் பெயரைக் கத்தினார். வெளியே வேப்ப மரத்தடியில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பின் பெஞ்சில், பச்சைச் சேலையில், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் மட்டும் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த தங்கராசு அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பிக் கூண்டுக்குக் கூட்டி வந்தார்.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் முன்சீப்.

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"ஐயா, அவ கூச்சப்படுதா. கோர்ட்டு கச்சேரின்னு வந்து பழக்கமில்ல" என்றார் தங்கராசு.

எனக்கு அவர் சொன்ன விதம் பிடிக்கவில்லை. வழக்குக் கட்டை எடுப்பதுபோல் எழுந்து கூண்டுக்குப் பின்பக்கம் போனேன். கையிலிருந்த தடித்த பதிவேட்டைத் தரையில் போட்டேன். குண்டு விழுந்த மாதிரி சத்தம். முன்சீப் திடுக்கிட்டார். வக்கீல்கள் துள்ளித் திரும்பினார்கள். மாடத்தியின் தோள்கூட அசையவில்லை.

முன்சீப் அந்த வக்கீலைப் பார்த்தார்.

"இவங்களுக்கா படிச்சுக் காட்டினீங்க?"

"சத்தமாத்தான் வாசிச்சேன் ஐயா" என்றார் வக்கீல். பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு, இருமிச் சமாளித்தார்கள்.

பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அண்ணனுக்கும் அக்காளுக்கும் தெரியும். இரு தரப்பும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து காது கேளாதோருக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியையை வரவழைத்தார்கள். அரை மணி நேரம் முயன்றுவிட்டு அவர் கையை விரித்தார். மாடத்தி பள்ளிக்கூடமே போனதில்லை. அவள் பேசுவது வீட்டுச் சைகை. அது தெரிந்தவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள் என்றார்.

வீட்டில் யார்? அண்ணன். அவர் ஆகாது. அக்காளும் ஆகாது. மிஞ்சியது தங்கராசுவின் மனைவி பூரணம்.

சார் நேராக முன்சீப் அறைக்குப் போனார். நானும் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"ஐயா, அந்தம்மா தங்கராசு சம்சாரம். தோட்டம் வந்தா அவங்க வீட்டுக்குத்தான் வரும். அவ சொல்லுதது மாடத்தி சொல்லுததா, வீட்டுக்காரரு சொல்லச் சொன்னதான்னு நாம எப்படிக் கண்டுபிடிக்க?"

முன்சீப் இளைஞர். யோசித்தார். "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார். சார் சொன்னார்.

பூரணத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பூப்போட்ட நைலக்ஸ் சேலை, மூக்கில் ஒற்றைக் கல் மூக்குத்தி. கேட்பதை உள்ளபடி கேட்டு, அவள் சொல்வதை உள்ளபடி சொல்வேன் என்று அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தேன். வரிக்கு வரி திருப்பிச் சொன்னாள். குரல் தடுமாறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பின்னால் நின்ற சார் மெதுவாக, "யூராத்தா" என்றார்.

பிறகு பூரணத்தை வெளியே வராந்தாவின் கோடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினோம். தங்கராசுவையும் அவரோடு வந்தவர்களையும் வேறு பக்கம் நிறுத்தினோம். முன்சீப் மாடத்தி பார்க்கும்படியாகத் தன் கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தார். நான் அரக்கு முத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து எடுத்தேன். டவாலி தன் சிவப்புப் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பூரணத்தை உள்ளே கூப்பிட்டு, இங்கே என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னோம்.

பூரணம் குரல் இல்லாமல் உதட்டை அசைத்து, கையையும் ஆட்டிக் கேட்டாள். மாடத்தியின் முகம் முதல்முறையாக விரிந்தது. விரல்கள் வேகமாக ஓடின.

"இந்த அம்மா கையில இரும்பு மாதிரி ஒண்ண வச்சு எடுத்தாங்களாம். சில்லுனு இருந்துச்சாம். அந்த அண்ணாச்சி பெல்ட்ட அவுத்து மாட்டினாராம்." பூரணம் சற்றுத் தயங்கினாள். "ஐயா கண்ணாடியக் கழத்தி உள்ள வச்சீங்களாம். பொறவு அது எங்கன்னு மேசையத் தடவுனீங்களாம்."

முன்சீப்பின் கை அப்போதும் மேசைமேல்தான் தேடிக்கொண்டிருந்தது. அவரே சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "இனிமேதான் இருக்கு" என்றார் என் காதருகே.

வழக்கில் ஒரு தரப்பு என்பதால் தங்கராசுவை உள்ளே விட்டார்கள். முன்சீப் வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல ரேகை வச்சது அவங்கதானா? எதுக்காக வச்சாங்கன்னு கேளுங்க."

பூரணம் கேட்டாள். மாடத்தி மீசையை முறுக்குவதுபோல் காட்டினாள். அண்ணன் என்று அர்த்தம். அரிசி அளப்பதுபோல் காட்டினாள். பெருவிரலை உள்ளங்கையில் அழுத்தினாள். பிறகு தன் சேலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டினாள். முடித்துவிட்டுப் பூரணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பூரணம் தன் புருஷனைப் பார்த்தாள். தங்கராசு தலையை லேசாக, மிக லேசாக அசைத்தார். நான் பார்த்தேன். சாரும் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் முன்சீப்.

பூரணம் மறுபடி மாடத்தியின் பக்கம் திரும்பினாள்.

"ரேசன் கார்டுக்குன்னு அவுக அண்ணன் சொன்னாராம். வீட்டு முத்தத்துல வச்சு விரல்ல மை தடவுனாராம். வெள்ளத் தாளாம். எழுத்தே இல்லையாம். மறுநா இந்தப் பச்சைச் சேலைய எடுத்துக் குடுத்தாராம்."

"ஏட்டி!" என்றார் தங்கராசு. டவாலி அவர் தோளில் கை வைத்தார்.

இந்த வக்கீலைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்டதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தோட்டத்தை விட்டுக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நெஞ்சில் தட்டினாள், தரையைக் காட்டினாள். போர்த்தியிருந்த சேலையை முழங்கைக்கு மேல் ஒதுக்கி இரண்டு கைகளையும் முன்சீப்பிடம் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எலுமிச்சை முள் கிழித்த கோடுகள், பழையதும் புதியதுமாக.

"குடுக்கலங்கா. காய் பறிக்கதெல்லாம் தான்தானாம். யாருக்காவது இப்படிக் கை இருக்கான்னு கேக்கா" என்றாள் பூரணம்.

அதை எழுதி முடித்தேன். அடியில் பழக்கதோஷத்தில் 'படித்துக் காட்டப்பட்டு' என்று தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் சார் தொண்டையைச் செருமினார். அடித்தேன். 'நான் வாசித்தேன். பூரணம் அதைச் சைகையில் சொன்னார். மாடத்தி பார்த்து, சரி என்று தலையசைத்தார். எங்கள் கண்ணெதிரில் விரல் வைத்தார்' என்று எழுதி, அடித்தலுக்குச் சுருக்கொப்பமும் போட்டேன். முன்சீப் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அன்று சாயங்காலம் தங்கராசு பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். இரண்டு பெண்களும் பஸ் நிலையத்தை நோக்கி நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், தெருவில் கால் வைக்க இடமில்லை. மாடத்தி முன்னால் போய் வழி பிரித்தாள். சமரசம் செல்லாமல் போனது. கடைசியில் மூன்றில் ஒரு பங்கு மாடத்திக்கு என்று தீர்ப்பானது. அந்த வக்கீல் பற்றி மேலே எழுதினார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

சாருக்கு மட்டும் திருப்தி இல்லை. "அந்தப் பொண்ணு ஏன் உண்மையச் சொன்னா? வீட்டுக்காரருக்கு எதிராச் சொன்னா அவளுக்கு என்ன லாபம்? ஏதோ இருக்கு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். எனக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு நகல் வாங்க இருவரும் வந்தார்கள். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் பூரணம், அன்னைக்கு உன் வீட்டுக்காரரு தலைய ஆட்டினாரே. நீ வேற மாதிரி சொல்லியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உங்களுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் பூரணம். "இவ என் வாயப் பாத்துக்கிட்டுல்லா நின்னா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் சத்தமில்லாமதான் இவகிட்ட பேசுதேன். நான் என்ன சொல்லுதேன்னு உதட்ட வச்சே கண்டுபிடிச்சிருவா. அவ மூஞ்சிக்கு நேரா எப்படி மாத்திச் சொல்லுதது?"

சார் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். கண்ணில் பழைய வெளிச்சம்.

"அப்படின்னா இவளுக்கு வாய் பாத்துப் புரியும். அப்ப அன்னைக்கு வீட்டு முத்தத்துல உங்க வீட்டுக்காரரு தோட்டத்தப் பத்திச் சொல்லி, அதுவும் புரிஞ்சே இவ விரல் வச்சிருக்கலாம். பொறவு மனசு மாறியிருக்கலாம். இல்லையா?"

அத்தனை மாதம் அந்தக் கேள்வி என் மூளைக்கு எட்டவே இல்லை.

பூரணம் சாரின் பக்கம் திரும்பினாள்.

"அவரு இவ மூஞ்சியப் பாத்துப் பேசி நான் பாத்ததே இல்ல சார். எங்கயோ பாத்துக்கிட்டுக் கைய மட்டும் ஆட்டுவாரு. வீட்டுல இப்ப என்கிட்டயும் அப்படித்தான். சோத்தத் தட்டுல போட்டா சாப்பிடுதாரு, அம்புட்டுத்தான்."

சார் பேனாவை மூடி வைத்தார்.

நகல் பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் மாடத்தி ரேகை வைக்க வேண்டும். பூரணத்தை நான் கூப்பிடவில்லை. எழுந்து மாடத்தியின் எதிரே போய் நின்று, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, "இது தீர்ப்பு நகல். வாங்கிக்கிட்டேன்னு இதுல விரல் வைக்கணும்" என்றேன். அவள் கண் என் வாயைவிட்டு நகரவில்லை. முடித்ததும் தலையசைத்தாள். நகலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மைப் பெட்டியைத் தானே இழுத்து, பெருவிரலை ஒற்றிப் பதிவேட்டில் அழுத்தமாக வைத்தாள்.

பிறகு என்னைப் பார்த்து விரலால் தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டி ஏதோ சைகை செய்தாள். பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்லுதா?"

"உங்க பல்லுல கீரை ஒட்டியிருக்காம்மா."

காலை ஒன்பது மணியிலிருந்து அதோடுதான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். முன்சீப்பிடம், வக்கீல்களிடம், குமாஸ்தாக்களிடம், சாரிடம்கூட. ஒருவர் சொல்லவில்லை.